இழுக்கும் வலிமையும் நிறுத்தும் வலிமையும்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போ நகருக்குத் தென்மேற்கே அமைந்துள்ள சிற்றூர் லகாட். மெங்லெம்பு, பாப்பான், பூசிங், பத்து காஜா ஆகியவை அதன் அண்டை ஊர்கள். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் இவ்வட்டாரத்தைச் சூழ்ந்திருந்தன. அன்று சுமைகளை மாட்டு வண்டிகள் இழுத்தன. பின்னர் லாரிகளும் டிராக்டர்களும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. இன்று பிக்கப் வாகனங்கள் இப்பகுதியின் சாலைகளில் எங்கும் காணப்படுகின்றன. காய்கறி ஏற்றுவோர், செம்பனைத் தோட்டக்காரர், குத்தகையாளர் எனப் பலருக்கும் அவை அன்றாடத் துணை.

அண்மைக் காலத்தில் பிக்கப் வாகனத்திற்கு மற்றொரு பயனும் சேர்ந்துள்ளது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கொண்ட நடமாடும் வீட்டைப் பின்னால் இணைத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுலா செல்லச் சிலர் விரும்புகின்றனர். அந்த நடமாடும் வீடே கேரவன் எனப்படும். அதற்குத் தனி இயந்திரம் இல்லை. முன்னால் செல்லும் வாகனமே அதை இழுக்க வேண்டும். அத்தகைய வாகனத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? விளம்பரத்தில் காணும் பெரிய எண்ணைப் பார்த்தா, வாகனத்தின் தோற்றத்தைப் பார்த்தா, கணக்குப் போட்டுப் பார்த்தா? இக்கேள்விக்கான விடை பணத்தோடு மட்டும் தொடர்புடையதன்று. வாகனத்தில் அமர்ந்திருப்போரின் உயிரோடும் தொடர்புடையது.

இருவகைப் பிக்கப் வாகனங்கள்

மலேசியாவில் பரவலாக விற்கப்படும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், ஃபோர்ட் ரேஞ்சர் போன்றவை ஒரு டன் வகையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ ஒரு டன் பளுவை ஏற்றக்கூடியவை என்பதால் அவை அப்பெயர் பெற்றன. இவற்றின் உடற்பகுதி ஏணி போன்ற உறுதியான இரும்புச் சட்டத்தின் மீது பொருத்தப்பட்டிருக்கும். பின்பக்கத்தில் பெரும்பாலும் அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங்குகள் இருக்கும். சாதாரண மகிழுந்தைக் காட்டிலும் இவை இழுவை வேலைக்கு ஏற்றவையாக இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இவற்றைவிடப் பெரிய கனரகப் பிக்கப் வாகனங்கள் உள்ளன. ஃபோர்ட் எஃப்-250, ராம் 2500, செவ்ரலெட் சில்வராடோ 2500 ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் டீசல் இயந்திரங்கள் 1,000 நியூட்டன் மீட்டருக்கும் அதிகமான முறுக்கு விசையைத் தருகின்றன. ஐந்து டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லர்களையும் இவை இழுக்கும். ஆனால், இவ்வாகனங்களின் நீளம் பொதுவாக 6 மீட்டரைத் தாண்டும். மலேசியாவில் வழக்கமான ஒரு வாகன நிறுத்துமிடத்தின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டரே. மேலும், அவற்றின் ஸ்டீயரிங் இடப்புறம் அமைந்திருக்கும். அகன்ற நெடுஞ்சாலைகளுக்கும் நீண்ட சமவெளிகளுக்கும் ஏற்ற அந்த வாகனங்கள், பாப்பான் போன்ற பழைய ஊர்களின் குறுகலான தெருக்களுக்கும் மலைச்சாலை வளைவுகளுக்கும் எளிதில் பொருந்துவதில்லை.

ஆகவே, லகாட் போன்ற ஊரில் வாழ்பவர் முதலில் கேட்க வேண்டியது, “எவ்வளவு பெரிய வாகனம் வாங்கலாம்?” என்பதன்று. “எவ்வளவு எடையை, எந்தச் சாலையில், எத்தனை பேரோடு இழுக்கப் போகிறோம்?” என்பதே முதற்கேள்வி. சுமையை அறிந்த பிறகே வாகனத்தைத் தேட வேண்டும்.

அறிந்துகொள்ள வேண்டிய எண்கள்

ஒவ்வொரு வாகனத்திற்கும் அதன் உற்பத்தியாளர் சில எடை வரம்புகளை விதித்துள்ளார். அவை வாகனத்தின் கையேட்டிலும் கதவோரத்தில் அல்லது இயந்திரப் பகுதியில் உள்ள தகட்டிலும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் நான்கு எண்கள் முக்கியமானவை.

முதலாவது, வெற்று எடை. ஆட்களும் பொருள்களும் இல்லாதபோது வாகனம் கொண்டுள்ள எடை இது.

இரண்டாவது, மொத்த வாகன எடை வரம்பு. ஆட்கள், பொருள்கள், கூடுதலாகப் பொருத்திய கருவிகள் அனைத்தையும் சேர்த்து வாகனம் இந்த எடையைத் தாண்டக்கூடாது. இதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பது, வாகனம் ஏற்றத்தக்க பளு.

மூன்றாவது, இழுவை வரம்பு. வாகனம் இழுக்கக்கூடிய டிரெய்லரின் உச்ச எடை இது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் இந்த எண்தான். ஒரு டன் வகைப் பிக்கப் வாகனங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டுச் சந்தைகளில் இந்த வரம்பு 3,500 கிலோகிராம். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லையென்றால் அது 750 கிலோகிராமாகக் குறைந்துவிடும்.

நான்காவது, கூட்டு எடை வரம்பு. வாகனம், அதிலுள்ள ஆட்கள், பொருள்கள், பின்னால் வரும் டிரெய்லர் ஆகிய எல்லாவற்றின் எடையையும் கூட்டினால் வரும் தொகை இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். பலரும் கவனிக்கத் தவறுவது இந்த எண்ணைத்தான்.

இவற்றுள் வெற்று எடை தவிர்த்த மூன்று வரம்புகளில் ஏதேனும் ஒன்றை மீறினாலும் வாகனம் பாதுகாப்பானதன்று. மற்ற இரண்டும் வரம்புக்குள் இருப்பதால் மூன்றாவதை மீறலாம் என்று கொள்ள முடியாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

லகாட்டில் வாழும் ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர்கள் வாங்க எண்ணும் பிக்கப் வாகனத்தின் வெற்று எடை 2,050 கிலோகிராம். மொத்த வாகன எடை வரம்பு 3,000 கிலோகிராம். எனவே, அது 950 கிலோகிராம் பளுவை ஏற்றும். இழுவை வரம்பு 3,500 கிலோகிராம். கூட்டு எடை வரம்பு 5,800 கிலோகிராம்.

பாட்டி, பெற்றோர், இரண்டு பிள்ளைகள் ஆகியோரின் எடை மொத்தம் 300 கிலோகிராம். பின்பகுதியை மூடும் கூரையின் எடை 60 கிலோகிராம். இழுவைக் கொக்கியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் 40 கிலோகிராம். கூடாரம், பனிப்பெட்டி, மின்னாக்கி, கருவிப்பெட்டி முதலியவை 150 கிலோகிராம். ஆக, கேரவனை இணைப்பதற்கு முன்பே வாகனத்தில் 550 கிலோகிராம் ஏறிவிட்டது.

அவர்கள் பார்த்த முதல் கேரவனின் வெற்று எடை 1,900 கிலோகிராம். அதில் 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோகிராம் கூடும். ஏனெனில், ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். எரிவாயுத் தோம்பு, மின்கலம், மெத்தை, பாத்திரம், அரிசி, துணிமணி என மேலும் 300 கிலோகிராம் சேரும். எனவே, பயணத்தின்போது அதன் எடை 2,300 கிலோகிராம்.

கேரவன் முழுமையாகத் தன் சக்கரங்களின் மீதே நிற்பதில்லை. அதன் முன்முனை வாகனத்தின் கொக்கியை அழுத்துகிறது. கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 230 கிலோகிராம், கொக்கியில் விழுவதாகக் கொள்வோம். இது வாகனம் ஏற்றியுள்ள பளுவோடு சேர வேண்டிய எடை. 550 கிலோகிராமோடு 230 கிலோகிராமைக் கூட்டினால் 780 கிலோகிராம். வரம்பு 950 கிலோகிராம் என்பதால் இது ஏற்கத்தக்கது. கூட்டு எடையைப் பார்த்தால், வாகனம் 2,050, அதிலுள்ளவை 550, கேரவன் 2,300. மொத்தம் 4,900 கிலோகிராம். இதுவும் 5,800 கிலோகிராம் வரம்புக்குள் அடங்குகிறது.

அடுத்து, பயண எடை 3,400 கிலோகிராம் கொண்ட பெரிய கேரவன் ஒன்றை அவர்கள் பார்க்கிறார்கள். இழுவை வரம்பு 3,500 கிலோகிராம் என்பதால் அதையும் இழுக்கலாம் என்றே முதலில் தோன்றும். கொக்கியில் விழும் எடை 340 கிலோகிராம். வாகனத்தின் பளு 890 கிலோகிராம் ஆகிறது. அதுவும் 950 கிலோகிராமைத் தாண்டவில்லை. ஆனால், 2,050, 550, 3,400 ஆகியவற்றைக் கூட்டினால் 6,000 கிலோகிராம். கூட்டு எடை வரம்பு 200 கிலோகிராம் மீறப்படுகிறது. விளம்பரத்தில் கண்ட எண் பொய்யன்று. ஆட்களும் பொருள்களும் நிறைந்த வாகனத்திற்கு அந்த எண் பொருந்தாது என்பதே உண்மை.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரம் உண்டு. எடை குறைந்த மயிலிறகாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் கருத்தை அவ்வதிகாரத்தில் வள்ளுவர் கூறியுள்ளார். ஒவ்வொரு பொருளும் சிறியதுதானே என்று எண்ணி ஏற்றுவோருக்கு அக்கருத்து இன்றும் பொருந்துகிறது.

காகிதத்தில் போடும் கணக்கோடு நின்றுவிடாமல், எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது சிறந்தது. செம்பனைக் குலைகளை ஏற்றிவரும் லாரியை ஆலையில் முதலில் சுமையோடு நிறுப்பார்கள். குலைகளை இறக்கியபின் மீண்டும் நிறுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே குலைகளின் எடை. கேரவனோடு வாகனத்தையும் பின்னர் வாகனத்தைத் தனியாகவும் நிறுத்தினால் உண்மை எடை தெரிந்துவிடும்.

கொக்கியில் விழும் எடை

ரப்பர் மரம் சீவியவர்கள் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து செல்வதுண்டு. ஒரு வாளியில் பால் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் இருந்தால் கம்பு சாயும், நடையும் தடுமாறும். அப்போது தோளில் கம்பு அமரும் இடத்தை மாற்றிக்கொள்வார்கள். கேரவனிலும் எடை எங்கே அமர்கிறது என்பது எவ்வளவு எடை என்பதைப் போலவே முக்கியமானது.

கேரவனின் பின்பகுதியில் பொருள்கள் மிகுந்தால் முன்முனை மேலெழும். கொக்கியை அழுத்தும் எடை குறையும். அந்நிலையில் வேகமாகச் செல்லும்போது, பக்கக் காற்று வீசினாலோ பெரிய பேருந்து முந்திச் சென்றாலோ கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் பெருகினால் இழுக்கும் வாகனத்தையே சாலையிலிருந்து திருப்பிவிடும். இதனைத் தவிர்க்க, வட அமெரிக்காவில் கேரவன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் அமர வேண்டும் என்று அறிவுறுத்துகின்றனர். ஐரோப்பாவில் கேரவன்களின் அமைப்பு வேறு என்பதால் அங்கு இதைவிடக் குறைந்த அளவைப் பின்பற்றுகின்றனர். கேரவனின் கையேடு கூறும் அளவையே ஏற்க வேண்டும். கனமான பொருள்களை அச்சுக்கு அருகிலும் தாழ்வாகவும் அடுக்குவது பொது விதி.

கொக்கியில் எடை மிகுந்தாலும் ஆபத்து உண்டு. கொக்கி, வாகனத்தின் பின்னச்சுக்குப் பின்னால் அமைந்துள்ளது. சிறுவர்கள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையில் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதைப் போல, கொக்கி அழுத்தப்பட்டால் வாகனத்தின் முன்பகுதி மேலெழ முயலும். இரண்டு அச்சுகளுக்கு இடையே 3 மீட்டரும், பின்னச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 1.2 மீட்டரும் இருப்பதாகக் கொண்டால், 230 கிலோகிராம் எடை முன்சக்கரங்களிலிருந்து 92 கிலோகிராமைக் குறைத்துவிடும். பின்னச்சு 322 கிலோகிராமைக் கூடுதலாகத் தாங்கும். திசைதிருப்புவதும் பிரேக் விசையில் பெரும்பங்கை ஏற்பதும் முன்சக்கரங்களே. அவை சாலையை அழுத்திப் பிடிக்காவிட்டால் வளைவில் வாகனம் ஓட்டுநரின் கைக்கு அடங்காது.

எனவே, வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் நீண்டதாகவும், கொக்கி பின்னச்சுக்கு நெருக்கமாகவும் இருப்பது நல்லது. பெரிய கனரகப் பிக்கப் வாகனங்கள் சிலவற்றில் டிரெய்லரின் முனையை வாகனத்தின் பின்தட்டில், பின்னச்சுக்கு நேர் மேலேயே பொருத்துகிறார்கள். முன்பகுதி மேலெழாமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு.

மலையேறும்போது

லகாட்டிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குச் செல்லும் பயணம், கேரவன் இழுக்கும் வாகனத்திற்குச் சரியான சோதனை. கிந்தா பள்ளத்தாக்கின் சாலைகள் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளன. கேமரன் மலை ஊர்களோ 1,000 மீட்டருக்கு மேல் அமைந்துள்ளன. சமதரையில் எளிதாக இழுத்த வாகனமும் இந்த ஏற்றத்தில் திணறக்கூடும்.

ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 8 மீட்டர் உயரும் ஒரு சாலையை எடுத்துக்கொண்டால், வாகனத்தின் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு அதைப் பின்னோக்கி இழுக்கும். மேலே கண்ட குடும்பத்தின் வாகனம் கேரவன் இல்லாமல் 2,600 கிலோகிராம் எடையோடு ஏறினால், 208 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்குச் சமமான விசை தேவை. கேரவனோடு 4,900 கிலோகிராம் எனில், அது 392 கிலோகிராமாக உயரும்.

இந்த வேலைக்குக் குறைந்த சுழற்சி வேகத்திலேயே அதிக முறுக்கு விசை தரும் இயந்திரம் வேண்டும். டீசல் பிக்கப் வாகனங்கள் விரும்பப்படுவது இதனால்தான். ஹைலக்ஸ் வகையில் 2.4 லிட்டர் டீசல் இயந்திரம் 400 நியூட்டன் மீட்டர் வரையும், 2.8 லிட்டர் இயந்திரம் 500 நியூட்டன் மீட்டர் வரையும் முறுக்கு விசை தருகின்றன. சிறிய பெட்ரோல் மகிழுந்துகள் பலவற்றில் அது 150 நியூட்டன் மீட்டருக்கும் குறைவு.

ஏற்றத்தில் இயந்திரமும் பல்லிணைப் பெட்டியும் மிகவும் சூடாகும். எனவே, குளிர்விக்கும் அமைப்பு சீராக இருக்க வேண்டும். தானியங்கிப் பல்லிணை கொண்ட வாகனமாயின், அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் தனிக்கருவி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மலையிறங்கும்போது

ஏற முடியாத வாகனம் வழியில் நின்றுவிடும், அது தொல்லைதான். இறங்கும்போது நிற்க முடியாத வாகனமோ உயிரைப் பறிக்கும். இழுவை வாகனத்தைத் தேர்ந்தெடுப்பவர் இயந்திரத்தைவிடப் பிரேக்கைப் பற்றியே அதிகம் கேட்க வேண்டும்.

இதற்குப் பேராக் மக்கள் நன்கறிந்த ஓர் இடமே சான்று. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலகங்சாரிலிருந்து வரும் வாகனங்கள் மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஈப்போவை நோக்கி நீண்ட இறக்கத்தில் இறங்குகின்றன. முன்பு அவ்விறக்கத்தின் கீழ்ப்புறத்தில் ஜெலாப்பாங் சுங்கச்சாவடி இருந்தது. எல்லா வாகனங்களும் அங்கு நின்று கட்டணம் செலுத்த வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிய கனரக வாகனங்கள் நிற்க முடியாமல் சாவடியில் மோதும் ஆபத்து இருந்தது. 2009ஆம் ஆண்டில் அச்சாவடி நெடுஞ்சாலையிலிருந்து அகற்றப்பட்டு, வாகனங்கள் நிற்காமல் செல்ல வழிசெய்யப்பட்டது. பிரேக்கின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்த இடம் உணர்த்துகிறது.

அந்த எல்லை ஏன் ஏற்படுகிறது? மலைமேல் உள்ள வாகனத்திடம் உயரத்தால் வந்த ஆற்றல் சேர்ந்திருக்கிறது. வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் அந்த ஆற்றல் வேறு வடிவம் பெற வேண்டும். பிரேக் அதனை வெப்பமாக மாற்றுகிறது. 4,900 கிலோகிராம் எடை 1,000 மீட்டர் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ 160 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றின் தடையும் இயந்திரமும் அதில் ஒரு பங்கை ஏற்கின்றன. மற்றதையெல்லாம் பிரேக் தகடுகளே தாங்க நேர்ந்தால் அவை அளவுக்கு மீறிச் சூடாகும். பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்தால், மிதியை முழுவதும் அழுத்தினாலும் பயன் இராது.

இதனைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, கேரவனுக்குத் தனிப் பிரேக் இருக்க வேண்டும். 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும் என்பதைப் பல நாடுகள் சட்டமாகவே வைத்துள்ளன. இரண்டாவது, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே குறைந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். அப்போது இயந்திரமே வாகனத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். மூன்றாவது, மெதுவாகச் செல்ல வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனத்தைவிட 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே வாகனத்தின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வளவு ஆற்றலையும் பிரேக்கே அடக்க வேண்டும்.

கேரவன் ஆடத் தொடங்கினால் பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. வேகம் கூட்டி ஆட்டத்தை நேராக்கவும் முயலக்கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

டயர், கண்ணாடி, மாற்றுச் சக்கரம்

எடை முழுவதும் இறுதியில் டயர்களின் மீதே நிற்கிறது. டயரின் பக்கச் சுவரில் சுமைக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 112 என்னும் குறியீடு கொண்ட டயர் 1,120 கிலோகிராம் வரை தாங்கும். காற்றழுத்தம் குறைந்திருந்தால் அந்த அளவைத் தாங்காமல் சூடேறி வெடிக்கக்கூடும். கேரவன் பெரும்பாலும் வாகனத்தைவிட அகலமானது. ஆதலால், பின்னால் வருபவற்றைக் காண நீட்டிக்கப்பட்ட பக்கக் கண்ணாடிகள் தேவைப்படும். கொக்கி கழன்றாலும் கேரவன் தனியே ஓடிவிடாமல் இருக்கப் பாதுகாப்புச் சங்கிலியைப் பூட்ட வேண்டும்.

கேரவனின் சக்கரமும் பிக்கப்பின் சக்கரமும் ஒரே அளவில் இருப்பது அரிது. எனவே, இரண்டுக்கும் தனித்தனி மாற்றுச் சக்கரம் வேண்டும். பயணத்தில் மாற்று ஏற்பாடு வைத்திருப்பது தமிழர் அறிந்த பழைய பாடம். பளு மிகுந்த வண்டியோடு மேடு பள்ளங்களைக் கடந்த உப்பு வணிகர்கள், வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிவைத்திருந்த செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் குறிப்பிட்டுள்ளார்.

சட்டமும் செலவும்

டிரெய்லருக்கு இயந்திரம் இல்லை. ஆகையால் அதற்குச் சட்டமும் இல்லை என்று கருதுவது தவறு. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியையும் ‘மோட்டார் வாகனம்’ என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. ஆகவே, கேரவன் வாங்குவதற்கு முன்பும் வாகனத்தில் கொக்கி பொருத்துவதற்கு முன்பும் சாலைப் போக்குவரத்து இலாகாவை அணுகி, பதிவு, அனுமதி, ஓட்டுநர் உரிமம் பற்றிய விதிகளைக் கேட்டறிய வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிக்க வேண்டும். எடை வரம்பை மீறிய வாகனம் விபத்துக்குள்ளானால் இழப்பீடு பெறுவது சிக்கலாகிவிடும்.

எரிபொருள் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. காற்றை எதிர்த்து உயரமான கேரவனை இழுக்கும்போது வாகனம் வழக்கத்தைவிட அதிக டீசலைக் குடிக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே சுற்றுலா செல்லும் குடும்பம், மற்ற நாள்களில் அதே பெரிய வாகனத்தில் பள்ளிக்கும் சந்தைக்கும் சென்றுவர வேண்டியிருக்கும் என்பதை மறக்கலாகாது.

பயன்படுத்திய பிக்கப் வாகனத்தை வாங்குவோர் அதன் அடிப்பகுதியைக் கட்டாயம் பார்வையிட வேண்டும். இரும்புச் சட்டத்தில் துருவோ விரிசலோ உள்ளதா? பட்டை ஸ்பிரிங்குகள் தட்டையாகிவிட்டனவா? கொக்கி, உரிய திருகாணிகளால் சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளதா? பல்லிணைப் பெட்டியின் எண்ணெய் கருகிய வாடை வீசுகிறதா? பளபளப்பான வண்ணப்பூச்சு இவற்றுக்கெல்லாம் விடை சொல்லாது. நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.

சுமையிலிருந்து தொடங்குக

வாகனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்: முதலில் கேரவனின் பயண எடையைக் கணக்கிட வேண்டும். அடுத்து, வாகனத்தில் ஏறும் ஆட்கள், பொருள்கள், கொக்கியில் விழும் எடை ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். பின்னர், மூன்று வரம்புகளோடும் ஒப்பிட வேண்டும். எந்த வரம்பையும் விளிம்புவரை தொடாமல் சிறிது இடம்விட்டு நிற்கும் வாகனமே தகுந்த வாகனம்.

கணக்கு பொருந்தவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வலிமை மிகுந்த வாகனத்தைத் தேடுவது. மற்றொன்று, சிறிய கேரவனோடு மனநிறைவு கொள்வது. தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பாமல், தங்குமிடத்தை அடைந்தபின் நிரப்பினாலே 100 கிலோகிராம் குறைந்துவிடும். லகாட் குடும்பம் பெரிய கேரவனை விட்டு 2,300 கிலோகிராம் கேரவனைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் இழப்பது ஒரு கூடுதல் மெத்தையும் கொஞ்சம் இடவசதியும்தான். மலையிறங்கும் வளைவு ஒவ்வொன்றிலும், பிரேக்கை மிதித்தவுடன் வாகனம் அடங்கி நிற்கும் என்னும் உறுதி அவர்களுக்குக் கிடைக்கும்.